காத்தமுத்தர் பூக்கேட்ட கதை

கருவேலங்குடித் துணைவந்த நாதரின் தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர் காத்தமுத்தர். ஆண்டு முழுவதும் விறகு பிளந்து பிழைத்தார். தேரோட்டத்தன்று மட்டும் ஈசனுக்கு ஊழியம். உருண்டு வரும் சக்கரத்துக்கு நேர் எதிரே குனிந்து கட்டையைச் செருக வேண்டும். ஓரமாகச் செருகினால் தேர் திரும்பும். நேராகச் செருகினால் நிற்கும். வடம் பிடிக்க ஆயிரம் பேர் முண்டியடிப்பார்கள், அந்த இடத்தில் நிற்க மட்டும் ஆள் வராது. தினமும் காலையில் வாகைக் கட்டைகளைக் கழுவித் திருநீறு பூசிக் கும்பிட்ட பிறகுதான் அவர் கஞ்சி குடிப்பார்.

ஒரு பங்குனியில், தேருக்கு எட்டு நாள் இருக்கும்போது, சோதிடம் சொல்லும் வள்ளுவர் ஒருவர் அவர் கையைப் பார்த்து முகம் மாறினார்.

“இந்த வருசத் தேரு உமக்கு ஆகாது. சக்கரத்துக்கு அடியிலதான் உம்ம முடிவு. எழுதியாச்சு, நான் என்ன பண்ண?”

அன்றிலிருந்து காத்தமுத்தருக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் விதியா, நம் விருப்பம் என்று ஏதேனும் உண்டா எனப் பண்டிதர்கள் வெற்றிலையை மென்றுகொண்டு பேசலாம். சக்கரத்தின் முன் குனியப் போகிறவருக்கு அது வெறும் பேச்சு இல்லை. போனால் சாவு. போகாமல் இருந்தால் மட்டும் எழுதியது வீடு தேடி வராதா? வண்டிச் சத்தம் கேட்டாலே சுவரோடு ஒட்டிக்கொண்டார். “கட்டைக்காரரு மாட்டுவண்டிக்கே ஒதுங்குறாரு” என்று கடைத்தெருவில் சிரித்தார்கள்.

அவர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் மனைவி அஞ்சலை சொன்னார்: “சாமிகிட்டயே பூக்கேட்டுருங்க. வெள்ளை வந்தா போங்க. செவப்பு வந்தா பேசாம வீட்டுல இருங்க.”

அது ஊர் வழக்கம். வெள்ளைப் பூவையும் செவ்வரளியையும் தனித்தனி இலையில் மடித்துச் சந்நிதியில் வைத்தால், குருக்கள் ஒன்றை எடுப்பார். பொட்டலம் கட்ட வேண்டியவர் கேட்பவரே. காத்தமுத்தர் குளக்கரையில் உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினார். வெள்ளை வந்துவிட்டால்? வெள்ளை நந்தியாவட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, இரண்டு இலையிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினார்.

குருக்கள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். “செவப்புதான் வந்திருக்கு, காத்தமுத்து. சுவாமி உத்தரவு தரலை.”

பிழைத்தோம் என்று வெளியே வந்தவருக்குக் கொடிமரத்தடியில் கால் நின்றுபோனது. இதுவரை சாவுக்குப் பயந்தார். இப்போது வந்தது அதைவிடப் பெரிய பயம். உலகத்துக்கே விதி எழுதுகிறவன் என்கிறார்களே, அவனுக்கே வேறு வழி இல்லாமல் செய்துவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

தேர் நாள் வந்தது. கட்டையை வேறொருவர் ஏந்தினார். காத்தமுத்தர் தெற்கு வீதியில் இருந்த தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மூலையில் கிடந்தார். நடுப்பகலில், அந்த வீதியின் சரிவில் தேர் இறங்கியபோது, புதியவர் போட்ட கட்டை நசுங்கித் தெறித்தது. அவர் உயிர் தப்பினால் போதும் என்று விலகி ஓடினார். சரிவின் அடியில் இருந்த தண்ணீர்ப்பந்தலில் பெண்களும் பிள்ளைகளும் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். தேர் நிற்கவில்லை என்ற அலறல் வீட்டுக்குள் கேட்டது.

காத்தமுத்தர் வீட்டில் மிச்சமிருந்த வாகைக் கட்டையை எடுத்தார். அஞ்சலை குறுக்கே நின்றார். “உங்களுக்குத்தான் உத்தரவு இல்லையே.”

“உத்தரவை நாந்தான் பொட்டலம் கட்டுனேன், அஞ்சலை. ரெண்டுமே செவப்பு. நான் அவரைக் கேக்கவே இல்ல.”

அவருக்கு அப்போது தைரியம் வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். கால்கள் துவண்டன, பற்கள் தட்டின, அழுதுகொண்டேதான் ஓடினார். சக்கரத்தின் முன் குனிந்தவர், உடைத்த தேங்காய்த் தண்ணீரில் வழுக்கி மல்லாந்து விழுந்தார். கட்டை கையைவிட்டு எகிறிச் சாக்கடையில் போய் விழுந்தது. தலைக்கு மேல் தேர் வந்துகொண்டிருந்தது. அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“பயமா இருக்கு சாமி. ஆனா வந்துட்டேன்.”

சக்கரம் அவர் மார்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அதன் அடியில் கட்டை இல்லை, ஒரு கூழாங்கல்கூட இல்லை. அந்தச் சரிவில் அத்தனை பெரிய தேர் சும்மா நின்றதை ஊரே பார்த்தது. கிண்டல் செய்தவர்கள் தெருவிலேயே விழுந்து கும்பிட்டார்கள். அவருடைய காதில் மட்டும் ஒரு குரல் கேட்டது.

“நீ வருவியோ மாட்டியோன்னு, அந்த ஒரு வரியை மட்டும் எழுதாம வச்சிருந்தேன், காத்தமுத்து.”

அதன் பிறகும் இருபது தேருக்கு அவரே கட்டை போட்டார். ஒவ்வொரு முறையும் நடுங்கினார் என்றே சொல்கிறார்கள். அஞ்சாத நெஞ்சரைப் புகழ ஆட்கள் உண்டு. அஞ்சிக்கொண்டே வந்து நின்ற காத்தமுத்தரின் அடிகளை நாம் தொழுவோம்.