விளாங்காய் ஆட்டமும் ஆள்காட்டியின் வாயும்

கொடுக்காப்புளிக் காட்டு ஏரிக்கு வடகரை, தென்கரை என்று இரண்டு கரைகள். இரண்டு கரை விலங்குகளும் மற்ற நாட்களில் ஒரே தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஒற்றுமையாகத்தான் இருந்தன. விளாங்காய் ஆட்டம் வந்தால் மட்டும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொள்ளும்.

ஆட்டம் இதுதான். ஒரு அணிக்காரர் விளாங்காயை எறிவார். எதிர் அணிக்காரர் அதைக் கட்டையால் அடிப்பார். அடித்துவிட்டு, மைதானத்தின் நான்கு மூலையில் இருக்கும் நான்கு கற்களையும் தொட்டுக்கொண்டு ஓடி வருவார். நாலாவது கல்லைத் தொட்டால் ஒரு புள்ளி. ஒரே ஓட்டத்தில் முடியாவிட்டால் நடுவில் ஒரு கல்லில் நின்று, அடுத்தவர் அடிக்கும்போது மீதியை ஓடலாம். காய் தரையில் விழுவதற்குள் யாராவது பிடித்துவிட்டால் அடித்தவர் வெளியேற வேண்டும்.

வடகரை அணி ஒன்பது வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தது.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வடகரையின் கரடி கருப்பணன் காயை அழகாகப் பிடிப்பான். ஆனால் பிடித்த கையோடு தின்றுவிடுவான். "காய் எங்கே?" என்று நடுவர் கேட்டால் வாயைத் துடைத்துக்கொள்வான். முயல் காற்றாகப் பறக்கும். ஆனால் இரண்டாவது கல்லுக்குப் பக்கத்தில் அதன் வளை இருந்தது. பழக்க தோஷத்தில் வளைக்குள் போய்விடும்.

நடுவராக இருந்தவர் ஆமையார். நாலாவது கல்லுக்கு அருகில் உட்கார்ந்தால் ஆட்டம் முடியும்வரை அசைய மாட்டார் என்பதால் அந்த வேலையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் யாராவது தூசி பறக்க ஓடி வந்தால் பயந்துபோய்த் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வார். தூசி அடங்கிய பிறகு வெளியே எட்டிப் பார்த்து, "எனக்குப் பட்டதைச் சொல்லுகிறேன்" என்பார். அவருக்குப் பட்டது பெரும்பாலும் தென்கரைக்குச் சாதகமாகவே இருக்கும்.

இதையெல்லாம் பார்த்து வயிறு எரிந்தவன் கண்ணுசாமி. அவன் ஒரு ஆள்காட்டிப் பறவை. காட்டுக்கே காவல்காரன் அவன்தான். சிறுத்தையோ வேட்டைக்காரனோ தலைகாட்டினால், "டிட்டிட்டீ!" என்று கூவுவான். அந்தக் குரல் கேட்டதும் முதலில் ஓட வேண்டும், பிறகுதான் எதற்கென்று கேட்க வேண்டும் என்பது காட்டில் எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே தெரியும்.

வேலை இல்லாத நேரத்தில் கண்ணுசாமி மைதானத்து ஓரப் பாறைமேல் நின்று வடகரை அணியைத் திட்டுவான்.

"டேய் கருப்பணா, அது ஆடுற காய்டா. உங்க வீட்டுப் பலகாரம் இல்ல."

"முயலே, மைதானம் இங்க இருக்கு. சம்பந்தி வீட்டுக்கா போற?"

தென்கரையின் முள்ளம்பன்றி ஈட்டியப்பனையும் விடமாட்டான். "முள்ளு மூட்டை உருண்டு வருது, வழி விடுங்க" என்பான். ஈட்டியப்பனும் சளைத்தவன் இல்லை. "ஓட்டைச் சங்கு ஊதியாச்சா?" என்று திருப்பிக் கொடுப்பான்.

கண்ணுசாமியின் மனைவி வேலாத்தாள் மைதானத்துக்கும் ஏரிக்கும் நடுவில், வெறும் கூழாங்கல் தரையில் நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை.

"நீ கத்துறதால அந்த முயல் நேரா ஓடிருமா?" என்று அவள் கேட்டாள்.

"ஓடாது. ஆனா எனக்கு நெஞ்சு ஆறும்" என்றான் கண்ணுசாமி.

மாசி மாதப் பெரிய ஆட்டத்துக்கு முன்னால் ஆமையாரும் கருப்பணனும் பஞ்சாயத்துக்குப் போனார்கள். பஞ்சாயத்துத் தலைவி பெரியநாயகி என்ற யானை. எல்லோருக்கும் அவள் அத்தை.

"அத்தை, இவன் வாயை அடக்குங்க. நேத்து என்னை 'மூடி போட்ட சட்டி'ன்னு சொன்னான்" என்றார் ஆமையார்.

"நான் சாப்பிடுறதை எண்ணிக்கிட்டே இருக்கான். சோறு இறங்க மாட்டேங்குது" என்றான் கருப்பணன்.

பெரியநாயகி கண்ணுசாமியைப் பார்த்தாள். "நீ என்னப்பா சொல்ற?"

"அவர் தலையை உள்ள இழுக்கிறது நிஜம். இவன் காயைத் தின்னுறதும் நிஜம். ஆட்டத்தைப் பார்க்கிறவனுக்கு அதைச் சொல்லக்கூட உரிமை இல்லையா, அத்தை?"

பெரியநாயகி சொன்னாள். "பார்க்கிறவன் வாயை நான் கட்ட மாட்டேன். ஆட்டக்காரனைப் பத்தி, நடுவரைப் பத்தி, வேணும்னா என்னைப் பத்தியும் யாரும் என்ன வேணா பேசலாம். கேட்கப் பிடிக்கலைன்னா காதை ஆட்டிக்கிட்டுப் போங்க."

"எங்களுக்கு உங்க மாதிரி காது இல்லையே அத்தை" என்றார் ஆமையார் வருத்தமாக. ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான்.

கண்ணுசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினான். 'என்ன வேணா பேசலாம்' என்ற மூன்று சொற்களை மட்டும் அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

பெரிய ஆட்டம் வந்தது. காடே திரண்டு மைதானத்தைச் சுற்றி நின்றது. அன்று ஒரு அதிசயம் நடந்தது. கருப்பணன் வயிற்று வலியில் இருந்ததால் எதையும் தின்னவில்லை. முயல் தன் வளை வாசலைக் கல் வைத்து அடைத்துவிட்டு வந்திருந்தது. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் வடகரை ஒரு புள்ளி முன்னால் இருந்தது.

ஒன்பது வருடத்தில் முதல் தடவை. கண்ணுசாமிக்குக் கால் நிற்கவில்லை. பாறைமேல் முன்னும் பின்னும் நடந்தான்.

தென்கரைக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு அடி. கடுவன் குரங்கு கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவது கல்லிலும் மூன்றாவது கல்லிலும் அதன் ஆட்கள் ஓடத் தயாராக நின்றார்கள்.

காய் வந்தது. கடுவன் அடித்தது. காய் மேலே போனது, மேகத்தைத் தொட்டுவிடும் போலப் போனது. அது இறங்கும் இடத்தில் வடகரை ஆள் ஒருவரும் இல்லை. தென்கரை ஆட்கள் இருவரும் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். இருவரும் வந்து சேர்ந்தால் வடகரை மறுபடியும் தோல்வி.

கண்ணுசாமியால் தாங்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"டிட்டிட்டீ! சிறுத்தை! சிறுத்தை!"

அவ்வளவுதான். மான்கள் பாய்ந்தன. பன்றிகள் பாய்ந்தன. குரங்குகள் பன்றிகளின் முதுகில் பாய்ந்தன. ஆமையாரை யாரோ தட்டிவிட, அவர் மல்லாந்து விழுந்து நான்கு கால்களையும் ஆட்டினார். கருப்பணன் சேற்றில் கழுத்துவரை இறங்கிவிட்டான். முயல் தன் வளைக்கு ஓடி, தானே வைத்த கல்லில் முட்டிக்கொண்டு ஒரு பல்லை இழந்தது.

ஆட்டம் நின்றுவிட்டது. கண்ணுசாமி ஒரு நொடி சந்தோஷப்பட்டான். அடுத்த நொடிதான் கூட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தான். எல்லோரும் ஏரிக்கரை நாணலை நோக்கி ஓடினார்கள். நடுவில் கூழாங்கல் தரை இருந்தது.

அங்கே வேலாத்தாள் முட்டைகளின் மேல் எழுந்து நின்று, இரண்டு சிறகையும் விரித்துக் கூவிக்கொண்டிருந்தாள். அவள்மேல் ஒரு மந்தையே வந்துகொண்டிருந்தது.

"இல்ல, இல்ல, சிறுத்தை இல்ல, நில்லுங்க" என்று கண்ணுசாமி கதறிக்கொண்டு பறந்தான். யாரும் கேட்கவில்லை. அந்தக் குரலைக் கேட்ட பிறகு வேறு எந்தச் சொல்லையும் கேட்கக் கூடாது என்றுதானே அவர்கள் பழகியிருந்தார்கள்?

அப்போது முள்ளம்பன்றி ஈட்டியப்பன் ஓட்டத்தை நிறுத்தினான். வேலாத்தாளின் முன்னால் போய் நின்றான். முதுகைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, முள் எல்லாவற்றையும் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். முன்னால் வந்த பன்றி மூக்கில் இரண்டு முள் வாங்கிக்கொண்டு அலறி விலகியது. அதைப் பார்த்து மற்றவையும் இரண்டாகப் பிரிந்து ஓடின.

புழுதி அடங்கியபோது நான்கு முட்டைகளும் இருந்தன. ஈட்டியப்பனின் முதுகில்தான் பாதி முள் இல்லை.

கண்ணுசாமி இறங்கி வந்தான். வேலாத்தாள் அவனைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் பஞ்சாயத்து கூடியது.

"நாக்கை அறுங்க" என்றான் சேறு காயாத கருப்பணன்.

"இவன் மட்டும் இல்ல, இனிமே ஆட்டம் பார்க்க வர்ற ஒருத்தரும் வாயே திறக்கக் கூடாது" என்றார் ஆமையார். இந்த வாய்ப்புக்காகத்தான் அவர் பல வருடம் காத்திருந்தார்.

கண்ணுசாமி தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "என்ன வேணா பேசலாம்னு அத்தைதான் சொன்னாங்க."

பெரியநாயகி அப்படித்தான் சொல்லியிருந்தாள். தும்பிக்கையால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

ஈட்டியப்பன் முன்னால் வந்தான். "அத்தை, நான் ஒண்ணு சொல்லட்டுமா? இவன் என்னை முள்ளு மூட்டைன்னு சொன்னான். கோபம் வந்துச்சு. ஆனா நின்னு கேட்டேன், நின்னு பதில் சொன்னேன். ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு. நேத்து சிறுத்தைன்னு கத்தினான் பாருங்க, அதுக்கு யாராலயாவது பதில் சொல்ல முடிஞ்சுதா? காது கேட்கிறதுக்குள்ள கால் ஓடிருச்சு."

ஆமையார்கூடத் தலையை முழுதாக வெளியே நீட்டினார்.

பெரியநாயகி நிமிர்ந்தாள். "என் தீர்ப்புல ஒரு ஓட்டை இருந்திருக்கு. இப்ப அடைக்கிறேன். திட்டுறது, குறை சொல்றது, கிண்டல் பண்றது எல்லாம் உன் சொந்த வாய், கண்ணுசாமி. அதை நான் தொட மாட்டேன். ஆனா அந்த டிட்டிட்டீ உன் சொந்தம் இல்ல. அது காட்டோட உயிர். நிஜமா ஆபத்து இருந்தா மட்டும் அதை எடு. நேத்து ஆட்டம் தென்கரைக்கு. தோத்துட்டோம்னு வடகரையில வீடு வீடாப் போய் நீயே சொல்லு."

கண்ணுசாமி போய்ச் சொன்னான். நாற்பத்தாறு வளை, பதினெட்டுப் புதர். ஒவ்வொரு இடத்திலும் திட்டு வாங்கினான். திட்டுவதற்கு எல்லோருக்கும் உரிமை இருந்ததால் ஒருவரும் குறை வைக்கவில்லை.

பங்குனியில் அடுத்த ஆட்டம் வந்தது. அதற்குள் முட்டைகள் பொரிந்து நான்கு குஞ்சுகள் வேலாத்தாளின் பின்னால் ஓடித் திரிந்தன. அவளும் கண்ணுசாமியிடம் ஒரு மாதிரி பேச ஆரம்பித்திருந்தாள்.

அன்று இரண்டு அணியும் சமமாக இருந்தன. கடைசி அடி வடகரையுடையது. கருப்பணன் கட்டையைச் சுழற்றினான். காய் மைதானத்தைத் தாண்டி, நாணலைத் தாண்டி, ஏரியில் 'பொளக்' என்று விழுந்தது. இனி அவன் சுற்றி வந்தால் போதும். கருப்பணன் ஓடினான். முதல் கல், இரண்டாம் கல், மூன்றாம் கல். வடகரை எழுந்து நின்றுவிட்டது.

அப்போதுதான் கண்ணுசாமி பார்த்தான். நாலாவது கல்லுக்குப் பின்னால் இருந்த புல்லில் ஒரு வால் நுனி அசைந்தது. புள்ளி புள்ளியாக இருந்தது.

கருப்பணனுக்கு இன்னும் பத்து எட்டுதான். பத்து எட்டு பொறுத்தால் ஒன்பது வருடக் கனவு. கண்ணுசாமி மைதானத்தைப் பார்த்தான், புல்லைப் பார்த்தான். புல்லுக்குப் பக்கத்தில் ஒரு மான்குட்டி நின்றது.

"டிட்டிட்டீ! சிறுத்தை!"

ஒருவரும் நின்று யோசிக்கவில்லை. மான்குட்டி பறந்தது. கருப்பணன் நாலாவது கல்லுக்கு ஒரு எட்டு முன்னால் திரும்பி, பக்கத்து மரத்தில் ஏறிவிட்டான். ஆமையார் தலையோடு காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். ஒரு நிமிடத்தில் மைதானம் காலி.

சிறுத்தை வெறும் மைதானத்தின் நடுவில் வந்து நின்றது. அதன் தலைக்கு மேலே கண்ணுசாமி வட்டமடித்தான். ஒன்பது வருடம் சேர்த்து வைத்த அத்தனை திட்டையும் அதன்மேல் கொட்டினான்.

"உனக்கு நேரம் காலம் இல்ல? நீ பிறந்த வீட்டுல பொறுமைன்னு ஒண்ணைக் கண்ணால பார்த்திருக்கியா? பத்து எட்டு, பத்தே எட்டு கழிச்சு வந்தா உன் புள்ளி உதிர்ந்திருமா?"

சிறுத்தை மிரண்டது. அதை யாரும் இப்படித் திட்டியதே இல்லை.

"ஜெயிச்சது யாரு?" என்று மெதுவாகக் கேட்டது.

"யாரும் இல்ல."

சிறுத்தைக்கே பாவமாக இருந்தது. வந்த வழியே வெறும் வயிற்றோடு திரும்பிப் போனது.

வெகு நேரம் கழித்துக் கருப்பணன் மரத்திலிருந்து இறங்கி வந்தான். "கண்ணுசாமி, நிஜமாவே சிறுத்தையா?"

"நிஜம்தான்டா. இல்லைன்னா உன்னை ஜெயிக்க விடாம இருப்பேனா?"

இருவரும் நாலாவது கல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதார்கள். அந்த அழுகையைப் பற்றி ஈட்டியப்பன் தூரத்திலிருந்து ஏதோ கிண்டலாகச் சொன்னான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

மனதில் பட்டதைப் பேச எல்லோருக்கும் உரிமை உண்டு. இல்லாத ஆபத்தைக் கூவி ஊரை ஓட வைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை.