கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

"தாயே, உங்க மடத்துல ஒருத்தனுக்கும் இங்கிலீஷ் தெரியலை!"

ஈரத் தலையணையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு மடத்தை நடத்துற அம்மா முன்னாடி வந்து நின்னு கத்தினார் வேதரத்தினம் சார்.

அந்த ஒருத்தன் நான்தான். பேரு அடைக்கலம். மலையடிவாரத்து மடத்துல அடுப்பும் என் பொறுப்பு, வாசலும் என் பொறுப்பு. வீட்டுல நிம்மதி இல்லைன்னு கிளம்பி வந்து என் நிம்மதியைக் கெடுக்குறவங்களை எல்லாம் உள்ளே விடுறவனும் நான்தான்.

இங்கே ஒரு வழக்கம். வர்றவங்களை வாசல்லயே நிறுத்தி ஒரு கேள்வி கேக்கணும். "கடைசியா யாருக்கு என்ன புத்தி சொன்னீங்க?"

பதிலை நான் அம்மாகிட்ட போய்ச் சொல்லிடணும். இருக்குற வரைக்கும் அந்தப் புத்திதான் அவங்களுக்கு உபதேசம். வேற ஒரு சொல் கிடையாது. இது வந்தவங்களுக்குத் தெரியாது.

தம்பிகிட்ட 'பொறுமையா இரு'ன்னு சொன்னதா ஒருத்தர் சொன்னார். அவருக்கு மத்தியானச் சாப்பாட்டைப் பொழுது சாயுறப்போதான் கொடுத்தேன். அவர் என்னைத் திட்டின திட்டு இருக்கே, அப்பப்பா! வழக்கம் அம்மாவோடது, வசவு எனக்கு.

வேதரத்தினம் சார் காலேஜ்ல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். வாசல்ல குடையை மடக்கிக்கிட்டே பதில் சொன்னார்.

"என் பொண்ணு அரசிக்குத்தான் சொன்னேன். மாமியார் வீட்டுல அவளை ரூமுக்குள்ள விடாம சமையக்கட்டுல படுக்க வெச்சிருக்காங்களாம். மாப்பிள்ளையும் வாயைத் திறக்கறது இல்லை. போன் பண்ணிப் பண்ணி அழறா. வந்துடறேன்பாங்கறா. வாழாம வந்தா ஊர் என்ன சொல்லும்? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மான்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? போன் அடிச்சாலே நெஞ்சு படபடங்குது. நிம்மதி வேணும்னு இங்கே வந்துட்டேன்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. போய் அம்மாகிட்ட சொன்னேன். அம்மாவுக்குச் சாரோட பொண்ணு வயசுதான் இருக்கும். வெளியே மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சு.

"எந்த ரூம் ஒழுகுது, அடைக்கலம்?"

"கிழக்கு ரூம்."

"அதைக் கொடு."

கொடுத்தேன். என் தலையெழுத்து.

"அடைக்கலம், கட்டில் மேல சொட்டுதுப்பா."

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்."

கட்டிலை இழுத்து மூலையில போட்டார். அங்கேயும் சொட்டுச்சு.

"இங்கேயும் சொட்டுது!"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்."

"அப்போ நான் எங்கேதான்யா படுக்கறது?"

"சமையக்கட்டுல இடம் இருக்கு. அடுப்புக்குப் பக்கத்துல."

"சமையக்கட்டுலயா? என்னை யாருன்னு நினைச்சே? என்கிட்ட படிச்சவங்க கலெக்டரா இருக்காங்க!"

"கொஞ்சம்..."

"அந்த வார்த்தையைச் சொல்லாதே!"

வேற வழி இல்லாம அங்கேதான் படுத்தார். விடிஞ்சதும் அடுப்பு மூட்ட நான் அவரைத் தாண்டிப் போக வேண்டியதாப் போச்சு. கால் தட்டி, அவர் தலைமாட்டுல இருந்த தண்ணி சொம்பு கவுந்துடுச்சு. சார் நனைஞ்சுக்கிட்டே எழுந்து உக்காந்து என்னைப் பாத்தார். நான் வாயைத் திறக்கலை. திறந்தா அதே வார்த்தைதான் வரணும்.

சாருக்குக் கோபம் என்மேல. எனக்குக் கோபம் அம்மாமேல. மாத்து ஓடு சுவர் ஓரமா சும்மா கிடக்கு. அதை விட்டுட்டு ஒரு பெரிய மனுஷனை இப்படி அலைக்கழிக்கணுமா? எனக்கே என் வாய்மேல வெறுப்பா இருந்துச்சு.

அப்படித்தான் அந்தத் தலையணையோட அம்மாகிட்ட வந்து நின்னார்.

"எதைக் கேட்டாலும் அட்ஜஸ்ட் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு! அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு இவனுக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாதுங்க ஐயா. சொல்லுங்க"ன்னாங்க அம்மா.

சாருக்குக் குஷி வந்துடுச்சு. தலையணையைக் கீழே வெச்சார். வகுப்பு ஆரம்பிச்சுடுச்சுன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு.

"தராசு முள்ளு கோணலா நின்னா, திருகி நேரா நிறுத்தறோம் பாருங்க, அதுக்குப் பேர் அட்ஜஸ்ட். சைக்கிள் சீட்டு உயரமா இருந்தா இறக்கறோம், அது அட்ஜஸ்ட். கோளாறு எங்கேயோ அங்கே கையை வைக்கணும். நம்ம ஊர்ல அதை என்ன பண்ணிட்டாங்க? பஸ்ல மூணு பேர் சீட்டுல நாலாவதா ஒருத்தன் வந்து இடிச்சுக்கிட்டு உக்காந்து, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கறான். சட்டையை உடம்பைப் பிடிக்கிற மாதிரி தெச்சுட்டு டெய்லரும் அதையேதான் சொல்றான். கோளாறு அப்படியே இருக்குமாம், நாம சுருங்கிக்கணுமாம். இது அர்த்தமா தாயே? அக்கிரமம்!"

"அப்போ கூரை ஒழுகினா?"

"கூரையில கையை வைக்கணும். கீழே படுத்திருக்கிறவனை அங்கேயும் இங்கேயும் தள்ளக் கூடாது!"

"நல்லாச் சொன்னீங்க"ன்னாங்க அம்மா. என் பக்கம் திரும்பினாங்க. "அடைக்கலம், அந்த உடைஞ்ச ஓடு ரெண்டையும் மாத்திடு."

அப்பாடான்னு இருந்துச்சு. ஏணியைச் சாத்தினேன், ஏறினேன், மாத்தினேன், இறங்கினேன். சார் கத்தின கத்தலுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கிட்டுதான் இருந்தார்.

"இவ்வளவுதானா வேலை?"

"இவ்வளவுதான் சார்."

"பின்னே ஏன்யா என்னை அடுப்படியில படுக்க வெச்சீங்க?"

நான் அம்மாவைப் பாத்தேன்.

"அது உங்க புத்தி ஐயா"ன்னாங்க அம்மா. "வாசல்ல அடைக்கலத்துகிட்ட கொடுத்துட்டுத்தானே உள்ளே வந்தீங்க? இங்கே அவங்கவங்க கொடுத்ததைத்தான் அவங்கவங்களுக்குத் திருப்பிக் கொடுப்போம்."

சார் தலையணையைப் பாத்தார். அதுல அடுப்புச் சாம்பல் அப்பிக் கிடந்துச்சு.

"இப்போ சொன்ன அர்த்தத்தை எத்தனையோ பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீங்களே?"

"சர்வீஸ் பூரா."

"அரசிக்கு?"

சார் சட்டைப் பையைத் தடவினார். போன் இருந்துச்சு, கண்ணாடி இல்லை. நான் ஓடிப்போய் சமையக்கட்டுல இருந்து எடுத்துட்டு வந்து கொடுத்தேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஸ்பீக்கர்லதான் போட்டார்.

அந்தப் பக்கம் மணி அடிச்ச உடனே எடுத்துட்டா அந்தப் பொண்ணு.

"அப்பா, போன தடவை அழுததை மனசுல வெச்சுக்காதீங்கப்பா. நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன். நீங்க நிம்மதியா இருங்க."

சார் அழுதுட்டார். எனக்கு எங்கே பாக்குறதுன்னு தெரியலை.

"பையை எடுத்து வைம்மா. அப்பா கிளம்பி வர்றேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருள்ற சத்தம் கேட்டுச்சு.

"ஊர் என்னப்பா சொல்லும்?"

சார் குனிஞ்சு தலையணையை எடுத்து என் கையில திணிச்சார்.

"ஊர் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கட்டும்."