பல் பிடுங்கும் இடத்தில் பிடில்

"பிரசவ வலியில ஒருத்தி கத்துறா. பக்கத்து ரூம்ல ஒருத்தன் பிடில் வாசிக்கிறான். இது என்ன கூத்து டீச்சர்?"

கேட்டது பூமிநாதன். கையில் தடியான ஒரு நாவல். எழுதியவர் ஒரு அமெரிக்கக்காரர், எப்போதோ செத்துப்போனவர்.

டீச்சர் என்றால் மங்களேஸ்வரி. திருமயம் பக்கம் தன் வீட்டு முற்றத்தில் கதை எழுதச் சொல்லிக்கொடுப்பவர். பூமிநாதனை விட வயதில் சின்னவர். அதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை.

"இந்த ஒரு நாவல்லதானா?"

"எல்லாத்துலயும். ஒருத்தனைத் தூக்குல போடுறாங்க, பிடில். குதிரை கால் ஒடிஞ்சு கிடக்கு, பிடில். கற்பனைக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

"அவரோட அப்பா என்ன வேலை பார்த்தார்?"

"டாக்டர். முன்னுரையில அவரே எழுதியிருக்கார்."

"பொய்," என்றார் டீச்சர். "அந்தக் காலத்துல சந்தையில பல் பிடுங்குவாங்க. மயக்க மருந்து கிடையாது. பிடுங்கும்போது ஆள் கத்துவான். கத்துறது கேட்டா அடுத்து நிக்கிறவன் ஓடிடுவான். அதனால பக்கத்துல ஒருத்தர் ஆடிக்கிட்டே பிடில் வாசிக்கணும். சத்தமா, சந்தோஷமா."

"சரி."

"அந்த ஒருத்தர்தான் அவரோட அப்பா."

பூமிநாதன் முன்னுரையைப் புரட்டினார். "அப்புறம் ஏன் டாக்டர்னு எழுதினார்?"

டீச்சர் அவர் கையிலிருந்த நாவலை வாங்கி மூடினார்.

"உங்க கதையைப் படிங்க," என்றார்.

பூமிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"தலைமையாசிரியரான என் தந்தை இறந்த அன்று, ஊரே குடை பிடித்து வந்தது."

இதில் குடையும் பொய். தலைமையாசிரியரும் பொய். செத்ததும் பொய்.

பூமிநாதனின் அப்பா பேர் சின்னக்காளை. திருவிழா நாடகங்களில் பபூன். முகத்தில் ரோஸ் பவுடர் அப்பி, விடிய விடிய ஊரைச் சிரிக்க வைக்கிற வேலை. டீச்சரிடம் சேரும்போது, "அப்பா ஹெட்மாஸ்டர், இறந்துட்டார்," என்று பூமிநாதன் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு மாற்ற முடியவில்லை. மாற்ற முயற்சி செய்யவும் இல்லை.

அந்த நாடகங்களுக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னொரு ஊரிலிருந்து. மேடையில்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள். அதனால் ஒரே ஒரு சட்டம் உண்டு. எதிரே நிற்கிறவர் என்ன சொன்னாலும், இல்லை என்று சொல்லக் கூடாது. 'நீ கழுதை' என்றால் உடனே கத்திக் காட்டணும்.

முற்றத்துக் கதவு கிறீச்சென்றது.

ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் தகரப் பெட்டி. இன்னொரு கையில் சீனிச்சேவுப் பொட்டலம். காதுக்குப் பின்னால் சரியாகக் கழுவாத ரோஸ் பவுடர். பக்கத்து ஊரில் ராத்திரி நாடகம் முடிந்து, காலையில் மகனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

கதையின் முதல் வரி அவர் காதில் விழுந்திருந்தது.

"யாருங்க?" என்றார் டீச்சர்.

சின்னக்காளை சிரித்தபடி வாயைத் திறந்தார். பூமிநாதன் முந்திக்கொண்டார்.

"எங்க ஊர்க்காரர் டீச்சர். அப்பாவுக்குத் தெரிஞ்சவர்."

சின்னக்காளை ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

"ஆமாங்கம்மா!" என்றார். குரல் சட்டென்று மேடைக்குப் போய்விட்டது. "ஹெட்மாஸ்டர் ஐயாவுக்குக் குடை பிடிச்சவனே நான்தான். என்னா மனுஷன்! தூங்கும்போதும் குடை வேணும்பாரு. கேட்டா, கனவுல மழை வந்தா யாருடா பதில் சொல்றதும்பாரு!"

முற்றத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ரெஜினா என்ற மாணவிக்குப் புரையேறிவிட்டது.

"எப்படி இறந்தார் ஐயா?" என்றாள் ரெஜினா.

"குடை விரியலை தாயி. அந்த ஏக்கம்தான்."

பெட்டியைக் கீழே வைத்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தார்.

"குடைக்குள்ள நடந்த ராசா
குடையை மட்டும் விட்டுப் போனியே!
கம்பியெல்லாம் அழுவுதய்யா
கைப்பிடியும் தேடுதய்யா!"

ரெஜினா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பூமிநாதனும் சிரித்தார். சிரிக்காவிட்டால் மாட்டிக்கொள்வார்.

"அவருக்குப் பிள்ளைங்க?" என்றார் டீச்சர்.

"ஒரே மகன்மா. எழுத்தாளர். இந்தா, ஐயாதான்." கும்பிட்டுக் காட்டினார். "மகன்னா அவருக்கு உசுரு. மகன் பேரு பத்திரிகையில வந்துச்சுன்னா வெட்டி எடுத்து, பவுடர் பொட்டி மூடியில ஒட்டி..."

நின்றுவிட்டார்.

"பீரோவுல. பீரோவுல ஒட்டி வச்சிருந்தாரு."

உடனே மாரில் இன்னும் பலமாக அடித்துக்கொண்டு, இன்னும் சத்தமாகப் பாட ஆரம்பித்தார். சிரிப்பும் கூடிப்போனது.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. பூமிநாதன் பக்கம் குனிந்தார்.

"பிடில் கேக்குதா?"

பூமிநாதனின் சிரிப்பு பாதியில் நின்றது.

கையில் இருந்த தாளைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தகரப் பெட்டியைப் பார்த்தார். அப்பா முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. அப்படியே கதவு வழியாக ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் கதவுப் பக்கம்தான் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

எழுந்து போனார். அப்பா தலையிலிருந்த துண்டை எடுத்தார். தொட்டித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். காதுக்குப் பின்னால் துடைத்தார். துண்டு ரோஸ் நிறமானது.

"அப்பா," என்றார். "இங்க இன்னும் போகலைப்பா."

ரெஜினாவின் சிரிப்பு அடங்கியது.

சின்னக்காளை அடுத்த அடிக்கு வாயைத் திறந்தார். பாட்டு வரவில்லை. மகனைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், மறுபடி மகனைப் பார்த்தார்.

"எரியுதுடா," என்றார்.