காசில் அழுத பெண்

முன்னொரு காலத்தில், பனைமரங்கள் நிறைந்த ஒரு கடற்கரை நாட்டை விளங்கோன் என்ற ராஜா ஆண்டுவந்தான். ஒருநாள் ரோமாபுரி வணிகன் ஒருவன் அவனுக்கு ஒரு வெண்கலக் காசைக் கொடுத்தான். முன்பக்கம் அவர்கள் மன்னனின் தலை. பின்பக்கம் ஒரு பேரீச்ச மரம். அதனடியில் கன்னத்தில் கைவைத்து அழும் ஒரு பெண்.

"யார் இவள்?" என்றான் ராஜா.

"நாங்கள் ஜெயித்த நாடு, அரசே. அதைத்தான் பெண்ணாக அச்சடித்திருக்கிறோம்."

அன்றிலிருந்து ராஜாவுக்கு வேறு நினைப்பே இல்லை. "எனக்கும் இப்படி ஒரு காசு வேண்டும்!"

"மேற்கே மலைநாடு இருக்கிறதே," என்றான் படைத்தலைவன் செங்கணான். "தேன் எடுத்துப் பிழைக்கிறவர்கள். சுலபமாக அழவைத்துவிடலாம். அமைச்சர்தான் வழக்கம்போலத் தடுப்பார்."

அமைச்சர் கண்ணந்தைக்கு மலைநாட்டைத் தெரியும். அங்கே ஊரைச் சுற்றி வேலிகூடக் கிடையாது. வேண்டாம் என்று நேராகச் சொன்னால் ராஜா கேட்கமாட்டான் என்பதும் தெரியும்.

"நான் ஏன் தடுக்கிறேன்? முதலில் மாதிரிக்கு ஒரு காசு அடித்துப் பார்ப்போம். பிடித்திருந்தால் படை கிளம்பட்டும்."

செங்கணான் அச்சு வெட்டுகிறவனை அதட்டினான். "பேரீச்சையை இங்கே யாருக்கடா தெரியும்? பனையாகப் போடு!"

அமைச்சர் வாயைத் திறக்கவில்லை.

காசு வந்ததும், தெருவில் உப்பு விற்ற ஒருத்தியைச் சபைக்கு அழைத்தார். "இதில் என்னம்மா இருக்கிறது?"

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தப் பக்கம் நம்ம ராசா. அந்தப் பக்கம் நாமதான் சாமி, பனையடியில உட்காந்து அழறோம். எங்க அழுகை அரமனை வரைக்கும் கேட்டுச்சா?"

எல்லோரும் ராஜாவைப் பார்த்தார்கள். பிறகு ராஜாவே வெடித்துச் சிரித்தான்.

"செங்கணா! என் காசை வைத்தே என்னை ஏசவைத்தாயே, மடையா!"

படைத்தலைவன் தலைகுனிந்தான். ராஜா தன் கைக் கடகத்தைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். "உம்மைப் போல் புத்திசாலி யாருமில்லை, கண்ணந்தை!"

மலைநாடு பிழைத்தது என்று அமைச்சர் நினைத்தார்.

"அது சரி, மலைநாட்டில் என்ன மரம் அதிகம்?" என்றான் ராஜா.

கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லியே பழகிய வாய். "வேங்கை, அரசே."

"அப்படியென்றால் வேங்கையைப் போடச் சொல்லும். செங்கணா, படையைக் கிளப்பு."

மலைநாடு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. புதுக்காசு அழகாகத்தான் வந்தது. தான் சொல்லாவிட்டாலும் ராஜா வேறு யாரையாவது கேட்டிருப்பான் என்று கண்ணந்தை சாகும்வரை தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டிருப்பான்தான். ஆனால் சொன்னது அவர் வாய்.