ஈஸ்வரி கொடுக்காத முகம்

திருப்பூரில் ஒரு பெண்கள் பள்ளி. அங்கே ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் படம் வரையத் தெரிந்தவள் சௌடேஸ்வரி ஒருத்திதான். எல்லோருக்கும் அவள் ஈஸ்வரி. வகுப்பில் ஒருத்திக்குப் படம் வந்துவிட்டால், மற்றவர்களின் ரெக்கார்டு நோட்டெல்லாம் அவள் தலையில்தான் விடியும்.

ஈஸ்வரியும் முகம் சுளிக்காமல் வரைந்தாள். செம்பருத்திப் பூவோ, மனித இதயமோ, நோட்டு யாருடையதோ அந்தப் பெண்ணே வரைந்தது மாதிரி இருக்கும். அழுத்தி எழுதுகிறவளுக்கு அழுத்தமாக, கோணலாக எழுதுகிறவளுக்குக் கொஞ்சம் கோணலாக. அறிவியல் டீச்சர் இரண்டு வருடமாக எல்லா நோட்டிலும் 'நன்று' போட்டு வருகிறார், பாவம்.

டிராயிங் டீச்சர் ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒருநாள் வந்து, "பென்சில் வேண்டாம், கலர் வேண்டாம். வீட்டுல என்ன கிடைக்குதோ அதை ஒட்டி, உங்க முகத்தை நீங்களே செஞ்சுட்டு வாங்க" என்றார்.

திருப்பூரில் கிடைக்காததா? பனியன் துணி வெட்டு, எலாஸ்டிக், பட்டன், லேபிள், நூல் சுற்றிவரும் அட்டைக் கூம்பு என்று வகுப்பே குப்பைமேடானது. வெள்ளிக்கிழமை பெற்றோர் வரும்போது எல்லா முகங்களும் சுவரில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தால் முப்பத்தேழு இருந்தது. ஈஸ்வரியின் முகம் மட்டும் வரவில்லை.

மதியம் அவள் டிராயிங் அறை வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"உள்ள வா கண்ணு. சாப்பிட்டியா?"

"இல்லீங் டீச்சர்."

டீச்சர் தன் டப்பாவில் இருந்த தக்காளிச் சோற்றில் பாதியை மூடியில் வைத்து நீட்டினார். வாங்கிக்கொண்டாள். சாப்பிடவில்லை.

"எங்கம்மா மூணு மணிக்கு வர்றாங்க டீச்சர். கம்பெனில கெஞ்சி அரை நாள் லீவு வாங்கியிருக்காங்க. எம் பொண்ணு முகம் ஸ்கூல் சுவத்துல இருக்குதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன் செய்யல?"

"நாலு தடவ செஞ்சுட்டேனுங். ஒண்ணு கோகிலா செஞ்ச மாதிரி வருது. ஒண்ணு நூர்ஜகான் செஞ்ச மாதிரி. ஆளாளுக்கு வரைஞ்சு வரைஞ்சு எனக்குன்னு ஒரு கை இல்லாமப் போச்சுங் டீச்சர்."

சொல்லிவிட்டு அழுதாள்.

டீச்சர் எழுந்து போய், அலமாரியில் தனியாக எடுத்து வைத்திருந்த ஏழு முகங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். ஈஸ்வரிக்கு அழுகை நின்றுவிட்டது. ஏழும் அவள் தோழிகளுக்குச் செய்து கொடுத்தவை.

"எப்படிங் கண்டுபுடிச்சீங்க? ஒண்ணை இடது கையில ஒட்டுனேன். ஒண்ணுக்கு மைதாப் பசை, ஒண்ணுக்குக் கடைப் பசை. எல்லாத்தையும் மாத்தித்தானே செஞ்சேன்!"

டீச்சர் முதல் முகத்தைத் தொட்டார்.

"இது யாரு?"

"கோகிலாங்."

"கழுத்துல என்ன பளபளன்னு?"

"சின்ன வயசுல வெந்நீர் கொட்டுன தழும்புங். எப்பவும் துப்பட்டாவ ஏத்தி விட்டு மூடிக்குவா. ஆனா அவ சிரிச்சா அதுவும் சேர்ந்து சிரிக்குமுங். அதான் சாட்டின் லேபிள் வெச்சேன்."

"அவ வைக்கச் சொன்னாளா?"

"இல்லீங். மொதல்ல கண்டபடி திட்டுனா. அப்புறம் ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தா. இருக்கட்டும் போடின்னுட்டா."

"இது?"

"நூர்ஜகானுங். மாறுகண்ணு. அதான் ரெண்டு பட்டனும் வேற வேற பக்கம் பார்க்குது. ஆனா கிளாஸ்ல யாரு அழுதாலும் மொதல்ல பார்க்கறது அவதானுங்."

டீச்சர் சிரித்தார். ஈஸ்வரிக்குச் சட்டென்று பயம் வந்தது.

"அவங்களத் திட்டாதீங்க டீச்சர். நானேதான் கேட்டு வாங்கிச் செஞ்சேன்."

"திட்டல. திங்கக்கிழமைக்குள்ள அவங்கவங்க முகத்தை அவங்களே செஞ்சு தரணும்னு சொல்லிட்டேன். இந்த ஏழும் இன்னைக்கு உன் பேர்ல சுவத்துல இருக்கும். அவங்களுக்கும் சம்மதந்தான்."

"எங்கம்மா வந்து கேட்டா என்னங் சொல்றது? ஏழும் அவளுங்க முகந்தானே. இதுல நான் எங்கீங் டீச்சர் இருக்கேன்?"

டீச்சர் அவள் கையிலிருந்த மூடியை வாங்கி வைத்துவிட்டு, தோளைப் பிடித்துச் சுவரின் பக்கம் திருப்பினார். அங்கே மீதி முப்பது முகங்கள் இருந்தன.

"இதெல்லாம் அவங்கவங்களே செஞ்சது. நல்லாப் பாரு."

ஈஸ்வரி பார்த்தாள். ரேணுகா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தாள். மாநிறத்து மோகனா வெள்ளைப் பனியன் துணியில் வெளுத்துப் போயிருந்தாள். ஒருத்தி எத்துப்பல் தெரியாமலிருக்க வாயையே தைத்து மூடியிருந்தாள். இன்னொருத்தி, யார் மேல் கோபமோ, தன் முகத்தைக் கசங்கின காகிதத்தில் செய்து குறுக்கே ஒரு கோடும் போட்டிருந்தாள்.

"எல்லாரும் எதையோ மறைச்சிருக்காங்க டீச்சர். இல்லாட்டி தன்னையே திட்டிக்கிறாங்க."

"ம்."

டீச்சர் ஏழு முகங்களையும் அடுக்கி அவள் கையில் கொடுத்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டியே. தன் முகத்தை இவ்வளவு பிரியமா யாரும் செய்யறதில்ல கண்ணு."