பூஜ்யம் விநாடி

தளவாய்மாடன் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குரு நப்பின்னைக்கு முப்பத்திரண்டு. அணைக்கட்டில் இருபத்தெட்டு வருஷம் இன்ஜினியராக இருந்த மனுஷர், மகள் வயதுப் பெண்ணின் முன்னால் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதில் அவருக்குக் கூச்சமும் இல்லை, கௌரவக் குறைச்சலும் இல்லை.

வந்த காரணம் ஒன்றே ஒன்று. அணையைத் திறந்தால் நாற்பதாவது நிமிடம் தண்ணீர் ஆற்றோரத்து நாணற்குடி கிராமத்துக்குள் புகுந்துவிடும். எவ்வளவு உயரம் வரும் என்று கணக்கிட அலுவலகக் கணினியில் பைத்தான் மொழியில் எழுதிய நிரலுக்கு எழுபது நிமிடம் வேண்டும். போன வருஷம் எச்சரிக்கை போய்ச் சேர்ந்தபோது ஊர்க்காரர்கள் கூரைமேல் இருந்தார்கள். அதை நினைத்தால் அவருக்கு இன்னமும் சோறு இறங்காது.

ஆகவே அதே கணக்கை, வேகத்துக்குப் பெயர்போன பழைய கணினி மொழியான ஃபோர்ட்ரானில் எழுதினார். ஒரு நாள் காலையில் போன வருஷ வெள்ளத்தின் விவரங்களைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தார். ஓடிய நேரம், பூஜ்யம் விநாடி. அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கையில் அல்வாப் பொட்டலத்தோடு குருவின் அறைக்கு வந்துவிட்டார்.

“பைத்தானுக்கு எழுபது நிமிஷம், மேடம். இது கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சிருது.”

“தண்ணி எவ்வளவு உயரம் வரும்னு சொல்லுது, சார்?”

தளவாய்மாடன் அல்வாப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

“அதைப் பாக்கலையே. நேரத்தை மட்டுந்தான் காட்டச் சொல்லியிருந்தேன்.”

நப்பின்னை விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். நீர்மட்டத்தையும் காட்டு என்று நிரலின் கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்து, மறுபடி ஓட்டினார்.

ஒரு நிமிடம் போயிற்று. ஐந்து நிமிடம் போயிற்று. தளவாய்மாடனின் முகம் சுண்டிப்போயிற்று.

“காலைல மட்டும் எப்படி மேடம் அவ்வளவு வேகமா ஓடுச்சு?”

“ஓடவே இல்லை, சார். விடை யாருக்கும் வேண்டாம்னு தெரிஞ்சதும், நிரலை மெஷின் மொழிக்கு மாத்தற கம்பைலர் கணக்கையே தூக்கிப் போட்டுருச்சு. இப்பத்தான் விடையைக் கேட்டிருக்கோம்.”

பதினோராவது நிமிடம் திரையில் எண் வந்தது. 3.24 மீட்டர்.

தளவாய்மாடன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். போன வருஷம் வெள்ளம் வடிந்த மறுநாள், நாணற்குடிப் பாலத்துத் தூணில் சேற்றுக்கறை ஏறியிருந்த உயரத்தை அவரே டேப் பிடித்து அளந்திருந்தார். சரியாக மூன்றேகால் மீட்டர். அவ்வளவு பெரிய ஆற்றில் ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் பிசகு. சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து அவர் இப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை. கண்ணும் கலங்கியது. அதை அவர் மறைக்கவில்லை.

“ஜெயிச்சிட்டோம், மேடம். அறிக்கையில ஆறு மடங்கு வேகம்னு போட்டுரவா?”

நப்பின்னை அல்வாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அது எதுக்கு சார். நாணற்குடிக்காரங்க மேடேற இருபத்தொன்பது நிமிஷம் இருக்குன்னு போடுங்க.”