காதில் வேப்பங்குச்சி

இந்தக் கதையில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். சின்ன ஊரில் பல வருடம் எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, முழங்கால் மூட்டு மாற்றும் அறுவைச் சிகிச்சையைக் கற்றுக்கொள்ள, நரை விழுந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர் டாக்டர் தண்டபாணி. கற்றுக்கொடுத்தவர் டாக்டர் நளாயினி. அவர் இவரை சார் என்பார், இவர் அவரை மேடம் என்பார்.

அன்று வெளிநோயாளிக் கூட்டம் கலையவே மதியம் தாண்டிவிட்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இருவருக்கும் அலுப்பாக இருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கணும்" என்றார் சீடர்.

"கேளுங்க சார்."

"கவரிங் நகை போட்டா அரிக்குமா, புண்ணாகுமான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு வாய் வலிக்குது. எல்லாரும் இல்லைன்னுதான் சொல்றாங்க. இதை விட்டுடலாமே?"

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. கவரிங் நகையில் இருப்பதுபோல உள்ளே வைக்கும் மூட்டிலும் நிக்கல் கலந்திருக்கும். சிலர் உடம்புக்கு அது சேராது. வைத்த பிறகு தெரிந்தால் முழங்கால் வீங்கும், வலி விடாது, மறுபடி அறுத்துக் கழற்ற வேண்டியதும் வரலாம். அதனால் முன்கூட்டியே கேட்பார்கள். ஆமாம் என்பவர்களுக்கு மட்டும் முதுகில் மருந்து ஒட்டிச் சில நாள் பார்ப்பார்கள்.

"எல்லாருமேவா இல்லைன்னாங்க?"

"எல்லாருமே மேடம். நான் இங்க வந்ததிலிருந்து ஒருத்தர்கூட ஆமான்னு சொல்லல."

நளாயினி டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"நாளைக்கு யாருக்கு ஆபரேஷன்?"

"மாராத்தாள்னு ஒரு அம்மா. காலையிலதான் கேட்டேன். இல்லைன்னாங்க."

பெண்கள் வார்டில் மாராத்தாள் இரண்டு கால்களையும் நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நளாயினி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தண்டபாணி நின்றுகொண்டே இருந்தார்.

"காதுல என்னம்மா, வேப்பங்குச்சியா?"

"ஆமாங்க. தோடு மகளுக்குப் போட்டுட்டனுங்க. ஓட்டை தூந்துரக் கூடாதுன்னு குச்சி வெச்சிருக்கேன்."

"கடையில கவரிங் தோடு அழகழகா விக்குதே. ஒண்ணு வாங்கிப் போட்டுக்கறது?"

"அய்யோ, அது எனக்கு ஆகாதுங்கம்மா. போட்ட அன்னிக்கே காது வீங்கி நீர் வடியும்."

தண்டபாணிக்கு முகம் சுண்டிப் போயிற்று. "ஏம்மா, காலையில இதைத்தானே நான் கேட்டேன்? ஒண்ணுமே இல்லைன்னீங்களே!" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சுற்றியிருந்த கட்டில்களில் பேச்சு நின்றது.

மாராத்தாள் சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல வந்தப்ப மயக்கம் வருமான்னு கேட்டாங்க. எப்பவாச்சும் வருமுங்கன்னேன். வீட்டுக்குப் போய்ட்டு அப்புறம் வான்னாங்க. மறுக்கா வந்தப்ப பல்லு வலிக்குதான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அதுக்கும் அனுப்பிட்டாங்க. இந்த வாட்டி என்ன கேட்டாலும் இல்லைன்னே சொல்லிப்போடறதுன்னுதானுங்க வந்தேன்."

தண்டபாணி நளாயினியைப் பார்த்தார்.

"கக்கூசுக்குத் தவந்து போறேனுங்கம்மா" என்றார் மாராத்தாள். "மருமவ பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கறா. இப்பவும் அனுப்பிப்போடுவீங்களா?"

சொல்லும்போதே அழுதுவிட்டார். நளாயினி அவர் முழங்காலில் கை வைத்தார். பிறகு எழுந்து வராந்தாவுக்கு வந்தார். சீடரும் பின்னாலேயே வந்தார். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"பொய் சொல்லிட்டாங்களே மேடம். நாளைக்கு அந்த மூட்டை வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"ம்."

"ஆபரேஷனைத் தள்ளி வெச்சிடறேன். டெஸ்ட்டை முடிச்சு வீட்டுக்கு அனுப்பிடலாம். நிக்கல் இல்லாத மூட்டு வந்ததும் கூப்பிட்டுக்கலாம்."

"வேண்டாம் சார். வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்."

"வாரக்கணக்கா ஆகும் மேடம்! வெளியில எத்தனை பேர் பெட்டுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க! சும்மா படுக்க வெச்சிருக்கீங்களேன்னு மேல கேட்டா நான் என்ன சொல்ல?"

நளாயினி சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். வார்டுக்குள் இன்னும் யாரும் பேச ஆரம்பிக்கவில்லை. கதவருகே இருந்த கட்டிலில் ஒரு பெண் தலையைத் தூக்கி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமான்னு சொன்னவங்களை அனுப்பிப் பாருங்க சார்" என்றார் நளாயினி. "நாளைக்கு நீங்க என்ன கேட்டாலும் இந்த வார்டுல ஒருத்தருக்கும் ஒண்ணும் இருக்காது."